சாம்பிராணிக்கு அலறுமா ஸ்மோக் டிடெக்டர்?

தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அதன்பிறகு கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தியும் விளக்கும் எரிய இரவுகள் கழிந்தன. வீட்டில் எளிதில் தீப்பிடிக்கக்கூடிய இரவுகள் அவைதான். “கரண்ட் போனால் ஸ்மோக் டிடெக்டரும் போச்சு” என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் போகவில்லை. பெரிய கட்டடங்களில் கம்பி இழுத்து மாட்டும் வகை வேறு. வீட்டுக்கென்று விற்பது பெரும்பாலும் 9 வோல்ட் அல்லது 3 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். மின்வாரியத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

“இரவு பகலாக விழித்திருக்கும் கருவிக்கு பேட்டரி மாற்றியே கட்டாது” என்பார்கள். கேட்கத் தர்க்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விழித்திருப்பதே இல்லை. உள்ளே 16 கால்கள் கொண்ட ஒரு சிப் இருக்கிறது. மோட்டோரோலா வடிவமைத்த எம்சி145010, மைக்ரோசிப் நிறுவனத்தின் ஆர்ஈ46சி190 போன்றவை இந்த வேலைக்கென்றே பிறந்தவை. சிப் பெரும்பாலான நேரம் தூங்குகிறது. எட்டு அல்லது பத்து நொடிக்கு ஒருமுறை எழுந்து, அகச்சிவப்பு எல்இடியை ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளிரவிட்டு, பார்த்துவிட்டு மறுபடி உறங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு நொடிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 10,800 முறை. அத்தனை மின்னலையும் சேர்த்தாலும் எல்இடி எரிவது நாளுக்கு ஒரு நொடிதான்! சராசரியாக இழுக்கும் மின்னோட்டம் பத்து மைக்ரோஆம்பியர் அளவு. 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட சாதாரண 9 வோல்ட் பேட்டரி, காகிதக் கணக்கில் ஐந்து வருடத்துக்கு மேல் வரும். பேட்டரி தானாகவும் வலுவிழக்கும் என்பதால் வருடத்துக்கு ஒன்று மாற்றச் சொல்கிறார்கள். பத்து வருடம் தாங்கும் லித்தியம் பேட்டரியோடு மூடி முத்திரையிட்டு வருவதும் உண்டு.

அந்த ஒரு கண்ணிமைப்பில் அது எதைப் பார்க்கிறது? கறுப்பு அறை ஒன்றில் எல்இடியும் ஒளியை உணரும் போட்டோடயோடும் நேருக்கு நேர் பார்க்காதபடி கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். காற்று சுத்தமாக இருந்தால் டயோடுக்கு வெளிச்சம் அநேகமாக எட்டாது. புகை நுழைந்தால், ஓட்டு இடுக்கில் விழும் வெயில் கற்றை புகையில் தெரிவதுபோல, ஒளி சிதறி டயோடைத் தொடும். ஒருமுறை சிதறியதும் சிப் கூச்சலிடாது. சரிபார்க்க வேகவேகமாக மறுபடி பார்க்கும். அடுத்தடுத்து புகை தெரிந்தால்தான் அலறும்.

இனி சாம்பிராணி. “வெள்ளிக்கிழமை தூபம் போட முடியாது, மிளகாய் தாளிக்க முடியாது” என்கிற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. சிப்புக்குத் தெரிவது சிதறிய ஒளியின் அளவு மட்டுமே. அது தூபமா, கருகும் மெத்தையா, இட்லிப் பானையின் ஆவியா என்று பிரித்தறியத் தெரியாது. அதனால் சமையலறையிலும் பூஜை மாடத்துக்கு மேலேயும் மாட்டக் கூடாது. படுக்கும் அறையிலும் அதற்கு வெளியே உள்ள நடையிலும் கூரையை ஒட்டி மாட்ட வேண்டும். சில வகைகளில் பொத்தானை அழுத்தினால் சுமார் பத்து நிமிடத்துக்கு உணர்திறன் குறையும். ஐப்பசி மழையில் கிளம்பும் ஈசல் உள்ளே புகுந்தாலும், தூசி படிந்தாலும் வீணாக அலறும். மென்மையான பிரஷால் தட்டிவிட்டால் போதும்.

“அதில் கதிரியக்கம் இருக்கிறதாமே?” கதிரியக்கம் உள்ள வகை வேறு. அயனியாக்க வகையில் அமெரிசியம்-241 துளியளவு வைப்பார்கள். இந்தியாவில் அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். மேலே சொன்ன ஒளி வகையில் அது கிடையாது, டிவி ரிமோட்டில் வரும் அதே அகச்சிவப்புதான். கொழுந்துவிட்டு எரியும் தீயை அயனி வகை சற்று முந்திக் கண்டுபிடிக்கும். ஆனால் கொசுவத்திச் சுருள் பட்டுக் கனியும் போர்வை, வாடகை அறையில் தலையணைக்கடியில் சூடாகும் சார்ஜர் என்று மெதுவாகப் புகையும் தீக்கு ஒளி வகையே கெட்டி.

டிடெக்டர் தண்ணீர் தெளிக்கும் என்பது சினிமா பார்த்து வந்த எண்ணம். தெளிப்பது ஸ்பிரிங்க்ளர், அது தனி ஏற்பாடு.

எனக்கு மிகவும் கவலை தருவது, “காங்கிரீட் வீடு எரியாது, எரிந்தாலும் வாடை எழுப்பிவிடும்” என்ற நிம்மதி. காங்கிரீட் எரியாது. உள்ளே இருக்கும் ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, வயர் எல்லாம் எரியும். வீட்டுத் தீயில் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது சுடரல்ல, புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஆழ்ந்து தூங்குபவரின் மூக்கை நம்பவும் முடியாது. எழுப்பக்கூடியது சத்தம்தான். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் சுமார் 85 டெசிபல் கேட்கும்.

நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை ‘கீச்’ என்றால் ரிப்பேர் என்று கழற்றிப் பரணில் போடுபவர்கள் இருக்கிறார்கள். எம்சி145010 போன்ற சிப்பில் சின்ன விளக்கு அவ்வப்போது சிமிட்டுவது அலங்காரத்துக்கு அல்ல. அந்தச் சுமையைக் கொடுத்துத்தான் பேட்டரி தாங்குகிறதா என்று சிப் அளக்கிறது. தாங்காதபோது வருவதே கீச் ஒலி. மார்கழி விடியலில் அது தொடங்குவதும் இதனால்தான்: குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கும். டெஸ்ட் பொத்தானும் ஒலிப்பானை மட்டும் சோதிப்பதில்லை. சிப் தன் பெருக்கத்தை ஏற்றி, கறுப்பு அறையின் சுவரில் பட்டு வரும் மங்கல் ஒளியையே புகையாகக் காட்டி, எல்இடி முதல் டயோடு வரை எல்லாவற்றையும் பரீட்சித்துவிடுகிறது. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பத்து வருடம் ஆனால் கருவியையே மாற்றுங்கள்.

“மாட்டிவிட்டோம், இனி பயமில்லை” என்பதும் ஒரு நம்பிக்கைதான். நம் வீடுகளில் இரவானால் கிரில் கேட்டுக்குப் பூட்டு. அலாரம் எழுப்பியும் சாவியைத் தேடினால் என்ன பயன்? திருடன் கைக்கு எட்டாத, வீட்டார் இருட்டிலும் தடவி எடுக்கிற ஓர் ஆணியில் சாவி தொங்கட்டும். முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், பிறகு 101க்கு அழைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் ஒருமுறை அலாரத்தை ஒலிக்கவிட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.