தேர்வு முடிஞ்ச பிறகு வித்ட்ராயல் கேட்கலாமா?

ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "எக்ஸாம் அப்போ ஹாஸ்பிட்டல்ல இருந்தேன். இப்போ அந்தப் பேப்பருக்கு வித்ட்ராயல் போட முடியுமா?" உடனே நாலு பேர் "முடியாது மச்சி, அடுத்த தடவை கிளியர் பண்ணிக்கோ" என்று பதில் போடுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ரெகுலேஷன் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. முதல் வருஷமே கையில் கொடுத்துவிடுகிறார்கள், நாம்தான் திறப்பதில்லை. இங்கே நான் சொல்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ரெகுலேஷன்களை வைத்து. தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் கல்லூரி விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்சென்ட் வேறு, வித்ட்ராயல் வேறு

தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டு எழுதப் போகவில்லை என்றால், கிளாஸ் போடும் கணக்கில் நீங்கள் அந்தத் தேர்வை எழுதியதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஹாலுக்குள் காலே வைக்கவில்லை, ஆனாலும் ஒரு அட்டெம்ப்ட் போச்சு. 'ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்' வாங்க சி.ஜி.பி.ஏ. 8.50 மட்டும் போதாது, எல்லாப் பாடத்திலும் முதல் முறையே பாஸ் ஆகியிருக்கணும். ஒரு நாள் ஆப்சென்ட் ஆனால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, முறையாக அனுமதி வாங்கிய வித்ட்ராயல். அப்போது 'டபிள்யூ' என்று வரும், அது அட்டெம்ப்டாகக் கணக்கில் சேராது. அடுத்த முறை பதிவு செய்து எழுதி பாஸ் ஆனால் அதுதான் உங்கள் முதல் முறை. ஒரே காய்ச்சல், ஒரே காலி பெஞ்ச். ஒருத்தர் லெட்டர் கொடுத்தார், இன்னொருத்தர் கொடுக்கவில்லை. இரண்டு பேருடைய டிகிரி வகுப்பும் வேறு வேறாகிவிடுகிறது.

விதி என்ன கேட்கிறது?

1. காரணம் சரியானதாக இருக்கணும். உடல்நிலை, வீட்டில் எதிர்பாராத சூழ்நிலை, அனுமதி பெற்ற விளையாட்டுப் போட்டி ஆகியவை ஏற்கப்படும். "படிக்க டைம் கிடைக்கல" என்பதெல்லாம் காரணம் இல்லை.

2. நாலு வருஷத்தில் ஏதாவது ஒரு செமஸ்டர் தேர்வுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அந்த செமஸ்டரில் ஒரு பேப்பருக்கும் கேட்கலாம், பல பேப்பருக்கும் கேட்கலாம். அதனால் லேசான ஜலதோஷத்துக்கு இதைச் செலவழிக்காதீர்கள்.

3. அட்டெண்டன்ஸ்படி தேர்வு எழுதத் தகுதி இருக்கணும். அட்டெண்டன்ஸ் குறைந்ததை மறைக்க வித்ட்ராயல் உதவாது. அது வேறு பிரச்சினை, அதற்கான விதியும் வேறு.

4. தேர்வு தொடங்கும் முன்பே விண்ணப்பம் போகணும். இதற்கு 10 நாள் கணக்கு ஒன்று உண்டு. கல்லூரி முதல்வர் பரிந்துரைத்து, பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைக்கணும். எச்.ஓ.டி.யிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் வேலை நடக்காது.

அப்போ தேர்வுக்குப் பிறகு?

டெங்கு 10 நாள் முன்னாடி சொல்லிவிட்டு வராது. இதை நினைத்துத்தான் விதியிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: அசாதாரணமான சூழ்நிலையில், 10 நாள் நிபந்தனையைத் தாண்டியும், விண்ணப்பத்தை அதன் தகுதியைப் பார்த்துப் பரிசீலிக்கலாம். கவனியுங்கள், கட்டாயம் கொடுப்போம் என்று சொல்லவில்லை. இது சின்னக் கதவுதான், நாள் போகப் போக இன்னும் சின்னதாகிவிடும். அட்மிட் ஆன அன்றே வந்த லெட்டருக்கும், ரிசல்ட் பார்த்த பிறகு வந்த லெட்டருக்கும் உள்ள வித்தியாசம் படிப்பவருக்கு உடனே தெரியும். இரண்டாவது லெட்டரைப் பார்த்தால் "ஃபெயில் ஆனதால் கேட்கிறான்" என்றுதான் தோணும், காரணம் உண்மையாகவே இருந்தாலும்.

லெட்டரில் என்ன எழுதணும்?

நம்மில் பலர் இப்படி எழுதுவோம்: "எனக்கு உடல்நிலை சரியில்லாததால் தேர்வு எழுத முடியவில்லை. தயவுசெய்து கருணை காட்டவும்." இதில் கெஞ்சல் இருக்கு, தகவல் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"நவம்பர் 18 முதல் 24 வரை டெங்கு காய்ச்சலுக்காக மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். நவம்பர் 20, 22 ஆகிய நாட்களில் நடந்த இரண்டு தேர்வுகளை எழுத முடியவில்லை. நவம்பர் 19 அன்று என் அம்மா வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் தெரிவித்தார். டிஸ்சார்ஜ் சம்மரி இணைத்துள்ளேன். இதுவரை வித்ட்ராயல் பயன்படுத்தியதில்லை."

அட்மிட் ஆன தேதி, தேர்வுத் தேதி, தகவல் சொன்ன தேதி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தணும். பாடக் குறியீடும் பதிவு எண்ணும் விடக்கூடாது. கொடுத்த லெட்டரின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொய்யான சான்றிதழ் வாங்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். மாட்டினால் அரியரை விடப் பெரிய சிக்கல்.

எம்.எஸ். போகப் போகிறவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், முடிந்துபோன செமஸ்டரின் பாடத்திலிருந்து பின்தேதியிட்டு விலகுவதற்கென்றே தனி மனு முறை இருக்கிறது. அங்கேயும் கேட்பது இதையேதான்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், கெடுவுக்குள் ஏன் கேட்க முடியவில்லை, ஆதாரம் எங்கே. ஏற்றுக்கொண்டால் பழைய கிரேடுக்குப் பதில் 'டபிள்யூ' வரும், பொதுவாக அது ஜி.பி.ஏ.வில் சேராது.

ஆனால் எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முழு நேரப் பாடச்சுமைக்குக் கீழே இறங்கும் முன்பே, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரியின் அனுமதி வாங்கியாகணும். உடல்நிலை காரணமாக ஒரு டிகிரி நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை இப்படிக் குறைக்க அனுமதி உண்டு. துறையில் மட்டும் பேசிவிட்டுப் பாடத்தை விட்டால், கிரேடு தப்பிக்கும், விசா மாட்டிக்கும்.

கடைசியா ஒண்ணு

அப்பா தவறிய வாரத்தில் யாருக்கும் ரெகுலேஷன் புத்தகம் ஞாபகம் வராது. "வீட்டு விஷயத்தை எதுக்கு ஆபீஸ்ல சொல்லணும்" என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். அதனால் இது கஷ்டத்தில் இருப்பவரை விட, அவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். தேர்வு நெருங்கும் நேரத்தில் உங்கள் நண்பர் நாலு நாளாக வரவில்லை என்றால் போன் பண்ணுங்க. நிலைமை சரியில்லை என்று தெரிந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு அன்றைக்கே வகுப்பு ஆசிரியரைப் பார்த்துச் சொல்லுங்க. லெட்டரை நீங்களே டைப் பண்ணிக் கொண்டுபோங்க, அவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.