வயிற்றில் உணவு டியூப் வைக்கும்போது எந்த வாயு?



பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவருக்கு முதலில் மூக்கு வழியாக டியூப் போடுவார்கள். நான்கு வாரம் கடந்தும் விழுங்க வரவில்லையென்றால், "வயிற்றில் பெக் டியூப் வைக்கலாம்" என்பார் டாக்டர். "அத்தாவுக்கு வயிற்றில் ஓட்டை போடுவதா?" என்று குடும்பம் பயந்து நின்றுவிடும். விவரம் தெரிந்தால் பயம் பாதி குறையும்.

1979-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டாக்டர்கள் காடரரும் பான்ஸ்கியும் தொடங்கிய முறை இது. வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, இரைப்பையை வாயுவால் ஊதுவார்கள். ஊதிய இரைப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டும். அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளையிட்டு டியூப்பை வைப்பார்கள்.

ஊதுவதற்குப் பல காலமாகப் பயன்படுவது சாதாரணக் காற்று. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதை உடல் மெதுவாகத்தான் உறிஞ்சும். அதனால் குடல் உப்பி, வலி நீடிக்கலாம். கொஞ்சம் காற்று துளை வழியே இரைப்பைக்கு வெளியே கசியவும் செய்யும். பெரும்பாலும் அது தானாகச் சரியாகிவிடும். ஆனால் எக்ஸ்ரேயில் அதைப் பார்க்கும்போது, குடலில் ஓட்டை விழுந்துவிட்டதோ என்ற சந்தேகம் எழும்.

கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. ரத்தம் அதை வேகமாக உறிஞ்சி, நுரையீரல் மூச்சோடு வெளியேற்றிவிடும். ஜப்பானிய டாக்டர்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது, இந்த வாயுவில் கசிவும் குடல் உப்புசமும் குறைவாக இருந்தன.

ஒரு எச்சரிக்கை. கிரானைட் தூசியிலோ பீடிப் புகையிலோ நுரையீரல் கெட்டவர்களுக்கு இந்த வாயுவை வெளியேற்றுவது சிரமமாகலாம். மூச்சு நோயை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரியோ, ஓசூரோ, பெங்களூரோ, எங்கே சேர்த்தாலும் மூன்றைக் கேளுங்கள்:

1. இங்கே கார்பன் டை ஆக்சைடு வசதி உண்டா?
2. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது?
3. டியூப் கழன்றால் யாரைக் கூப்பிடுவது?

இதற்குத் தனிக் கருவி வேண்டும். எல்லா இடத்திலும் இருக்காது. இல்லையென்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். காற்றை வைத்தும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நல்லபடியாகச் செய்துவருகிறார்கள்.

டியூப் வைத்த பிறகு லேசான உப்புசம் சகஜம். வயிறு கல்லாக இறுகினால், காய்ச்சல், கடும் வலி, வாந்தி, ரத்தக் கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "வெறும் வாயுதான்" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். முதல் சில வாரங்களில் டியூப் கழன்றால் நீங்களாக உள்ளே தள்ளக் கூடாது. துளை இன்னும் உறுதிப்பட்டிருக்காது, உணவு வயிற்றறைக்குள் போய்விடும்.

வீடு திரும்பியதும், 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அத்திட்டம் தொடங்கியது. படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கே வந்து கவனிப்பதும் அதில் அடங்கும்.

நம்மைச் சோறூட்டி வளர்த்தவர்களுக்கு நாம் ஊட்டும் முறை இது. பயந்து தாமதிக்காமல், கேட்டுத் தெரிந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ்.