மிச்சமே தவணை: பல்கலைக்கழகத்தின் சுழல் நிதி சொல்லும் பாடம்

1990-ல் பிரான்ஸ் நாட்டின் தல்வார் என்ற ஊரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, சுற்றுச்சூழலைக் காப்பதில் உயர்கல்வி நிறுவனங்களின் கடமை என்ன என்று 10 அம்சப் பிரகடனம் வெளியிட்டார்கள். பிறகு 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையெழுத்துப் போட்டன. கையெழுத்துப் போடுவது சுலபம். அதை விடுதி, சமையல்கூடம், ஆய்வகம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஏன் என்று, வங்கியில் கணக்குப் பார்த்துப் பழகிய கண்ணோடு பார்ப்போம்.

இரண்டு பை, ஒரு சிக்கல்

பெரிய நிறுவனங்களில் பொருள் வாங்கும் பணம் ஒரு பையில் இருக்கும். கரண்ட் பில், தண்ணீர் பில் கட்டும் பணம் இன்னொரு பையில் இருக்கும். மின்விசிறி வாங்குகிறவர் பில் கட்டுவதில்லை. அதனால் விலை குறைந்ததைத்தான் வாங்குவார். அது 10 வருஷம் கரண்டைத் தின்றாலும் அவர் கணக்கில் வராது. நல்ல மனசு இல்லாமல் இல்லை. கணக்கு அப்படிப் பிரிந்து கிடக்கிறது.

ஹார்வர்டு செய்த வழி

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2001-ல் 30 லட்சம் டாலரைத் தனியாக ஒதுக்கி, பசுமைக் கடன் நிதி ஒன்றை நடத்த ஆரம்பித்தது. பிறகு அது 1 கோடியே 20 லட்சம் டாலராக வளர்ந்தது. மின்சாரம், தண்ணீர், கழிவு இவற்றைக் குறைக்கும் வேலைக்கு ஒரு துறை இதில் கடன் வாங்கலாம். அந்த வேலையால் பில்லில் மிச்சமாகும் பணமே தவணை. நம்ம மகளிர் குழுக்களுக்குப் பழக்கமான சுழல் நிதிதான் இது. 2011-ல் தொடங்கிய 'பில்லியன் டாலர் கிரீன் சேலஞ்ச்' என்ற முயற்சி, இதே முறையைப் பல கல்வி நிறுவனங்களுக்குக் கொண்டுபோனது.

நம்ம ஊர் விலையில் ஒரு மாதிரிக் கணக்கு:

1. ஒரு கல்லூரி விடுதியில் 75 வாட் மின்விசிறி 200. மாற்றுவது 30 வாட் விசிறி. ஒன்று 3,000 ரூபாய் என்றால் செலவு 6 லட்சம்.
2. நாளுக்கு 10 மணி நேரம், வருஷத்துக்கு 280 நாள் ஓடினால் மிச்சம் 25,200 யூனிட்.
3. யூனிட் 8 ரூபாய் என்றால், வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் மிச்சம்.
4. 3 வருஷத்தில் கடன் அடையும். நாலாம் வருஷத்திலிருந்து மிச்சம் விடுதிக்கு. திரும்பி வந்த 6 லட்சம் அடுத்த கட்டடத்துக்கு.

ஒரே பணம் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. விதைநெல்லைத் திருப்பி அளந்து வைப்பதுபோல.

நமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது?

10 பேர் ஆளுக்கு 5,000 போட்டால் 50,000 ரூபாய். வெளியில் காசு கொடுத்து வாங்கும் இடுபொருளைக் குறைக்கும் வேலைக்கு மட்டும் கடன் கொடுங்கள். மாட்டுத் தீவனச் செலவைக் குறைக்கும் அசோலா தொட்டி, உரச் செலவைக் குறைக்கும் மண்புழு உரக் குழி மாதிரி. தவணையை மாசா மாசம் வைக்காமல் அறுவடைக்கு அறுவடை வையுங்கள். கடன் கொடுக்கும் முன் பழைய செலவை எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். பில் வருகிற இடத்தில்தான் இந்த நிதிக்குக் கண் தெரியும். பல்கலைக்கழகத்திலும் விசிறிக்குக் கடன் கிடைக்கும். வளாகத்து மரத்துக்கும் குளத்துக்கும் கிடைப்பது கஷ்டம். தமிழ்நாட்டில் பாசன மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். மூடாக்குப் போட்டு நீங்கள் மிச்சம் பிடிக்கும் தண்ணீர் எந்த பில்லிலும் வராது. கிணற்று மட்டத்தில்தான் தெரியும். மண்ணில் ஏறும் மட்கும் அப்படித்தான். காசுக் கணக்கை மட்டும் நம்பினால் இவை கடைசி வரிசைக்குப் போய்விடும். ஆகவே குழுவின் நோட்டில் இரண்டு பக்கம் வையுங்கள். ஒன்றில் ரூபாய், மற்றதில் கோடையில் கிணற்றில் நின்ற தண்ணீர், ஒரு சதுர அடி மண்ணில் எண்ணிய மண்புழு.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும், போன வருஷம் வெளியில் வாங்கியதில் பெரிய செலவு மூன்றை எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் கடன் யாருக்கு, எதற்கு என்பது அந்தச் சீட்டிலேயே தெரிந்துவிடும்.