கறுப்புத் திரையும் குழுக் கணக்கும்



கூட்டமைப்பு அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டதிலிருந்து, "இதை எப்படிங்க கத்துக்கிறது, எந்தப் புத்தகம் படிக்கிறது?" என்று கணக்கு எழுதும் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

லினக்ஸும் விண்டோஸ் போல கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்தான். 1969-ல் அமெரிக்காவில் உருவான யூனிக்ஸ் மாதிரியில், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். விலை கிடையாது. யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

புத்தகம் என்றால் முதலில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்'. ஒரு பெண் தமிழிலேயே எழுதியது, இணையத்தில் இலவசம். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளை இருந்தால் வில்லியம் ஷாட்ஸின் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெரிய புத்தகம், முதல் பகுதி போதும்.

ஆனால் படிப்பதால் மட்டும் கை பழகாது. உங்கள் குழுக் கணக்கையே பயிற்சியாக எடுங்கள். 'நேனோ'வைத் திறந்து உறுப்பினர் பெயரும் சேமிப்பும் வரிக்கு ஒருவராக எழுதுங்கள். 'கிரெப்' கட்டளையோடு ஒரு பெயரைக் கொடுத்தால் அவர் வரி மட்டும் வரும். 'சார்ட்' அகர வரிசையாக்கும். 'டபிள்யூசி' வரிகளை எண்ணும். 12 பேர் குழுவில் 11 என்று காட்டினால் யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள், தேடுங்கள்!

போன மாதம் பயிற்சியில் ஒரு சகோதரி, பழைய கோப்பு என்று நினைத்து 'ஆர்எம்' அடித்தார். போனது கடன் பதிவேடு. அந்தக் கட்டளை எதையும் குப்பைத்தொட்டியில் போட்டு வைக்காது, நேராக அழித்துவிடும். அவருக்குக் கை நடுங்கிப்போச்சு. நோட்டு லெட்ஜர் இருந்ததால் மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். வங்கிக்குப் போக வேண்டிய பட்டியல் தாமதமாயிற்று. தப்பு அவர் மேல் இல்லை. நகல் எடுக்கச் சொல்லித்தராமல் அழிக்கக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

இப்போது முதல் பாடமே 'சிபி' கட்டளையால் பென் டிரைவில் நகல் எடுப்பது. 'ஆர்எம்' கடைசியில்தான். அதுவும் பின்னால் ஒரு சிறு கோடும் ஆங்கில 'ஐ' எழுத்தும் சேர்த்து, அப்போதுதான் "அழிக்கட்டுமா?" என்று கேட்கும்.

நோட்டு லெட்ஜரை இப்போதைக்கு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த பயிற்சிக்கு வரும்போது ஆளுக்கொரு பென் டிரைவும் இந்த மாத சேமிப்புப் பட்டியலும் கொண்டு வாங்க.