இந்தத் தேநீர்க் கெண்டி எந்த ஊர் மண்?

மலாயா, சிங்கப்பூர், பர்மா என்று தாத்தாமார்கள் போய்வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. அந்த வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பீங்கான் தட்டு, எனாமல் தூக்கு, இவற்றோடு மண்ணால் செய்த தேநீர்ப் பாத்திரம் ஒன்றும் அநேகமாகக் கிடைக்கும். அதன் அடியில் சீன எழுத்தில் முத்திரை இருந்தால் "சைனாவில் செய்தது, முந்நூறு வருஷத்துச் சாமான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவில் இரண்டு பாதி உண்டு. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். கூஜாவுக்கு மூக்கு கிடையாது. மூக்குள்ள பாத்திரத்தைத் தமிழில் கெண்டி என்போம். மலாய்க்காரர்களும் மூக்குள்ள நீர்க்கலத்தைக் 'கெண்டி' என்றே சொல்கிறார்கள். வடமொழியின் 'குண்டிகா'தான் இரண்டுக்கும் மூலம் என்பார்கள். ஆகவே இனி தேநீர்க் கெண்டி என்றே எழுதுகிறேன்.

வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்குச் சென்ற ஆண்டு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அப்பத்தா ஞாபகமாக அவர் வைத்திருந்த கெண்டியைத் தன்னோடு கொண்டுபோக அந்தப் பெண் ஆசைப்பட்டாள். "மாமா, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களா?" என்று என்னிடம் கேட்டாள். நியாயமான பயம்தான். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனிநபர் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்த வரையறையில் இல்லை. அதாவது, கப்பலில் வந்த கெண்டி நூறு வயதைத் தாண்டியிருந்தால், வந்த வழியே திரும்பிப் போக முடியாது! "முந்நூறு வருஷம்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது அவர்களுக்கே வினையாக வந்தது.

கெண்டியைக் கையில் எடுக்குமுன் கொஞ்சம் வரலாறு. தென்சீனத்தின் தியோச்சியூ, ஹக்கா, ஹொக்கியன் மக்கள் பிழைப்புத் தேடித் தென்கிழக்காசியா எங்கும் பரவினார்கள். அவர்களில் குயவர்களும் இருந்தார்கள். மண் பாத்திரம் கனமானது, மலிவானது. தூரத்திலிருந்து கொண்டுவருவதைவிட அங்கேயே சுடுவது லாபம். ஜோகூரின் ஆயர் ஈத்தாம், சரவாக்கின் கூச்சிங், போர்னியோவில் சிங்காவாங், தாய்லாந்தில் ராட்சபுரி, சைகோன் அருகே லாய் தியூ என்று அவர்கள் கைபட்ட ஊர்கள் பல. சிங்கப்பூரில் ஜாலான் பாகார் பகுதியில் 1940 இல் கட்டிய தாவ் குவாங் சூளை இன்றும் இருக்கிறது. இவர்கள் கட்டியவை பெரும்பாலும் டிராகன் சூளைகள். மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் சுரங்கம் போன்ற அமைப்பு. கீழ் முனையில் தீ மூட்டுவார்கள். பிறகு பக்கத் துளைகள் வழியே விறகு போட்டுக்கொண்டே மேலே நகர்வார்கள். விறகுச் சாம்பல் காற்றோடு பறந்து பாத்திரங்களின் மேல் விழுந்து உருகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஜப்பான் கதை வேறு மாதிரி. டோக்கொனாமே என்ற குயவர் ஊருக்கு 1878 இல் ஜின் ஷிஹெங் என்ற சீனரை வரவழைத்து, யீஷிங் முறையில் கெண்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். யீஷிங் என்பது சிவப்பு, ஊதா மண் கெண்டிகளுக்குப் பேர்போன சீன ஊர். கற்றுக்கொண்ட ஜப்பானியர்களும் தங்கள் முத்திரையைச் சீன வடிவ எழுத்தில்தான் பதித்தார்கள். இதற்கு முன்பே, 1690களில், இங்கிலாந்தில் எலர்ஸ் சகோதரர்கள் சிவப்புக் கெண்டி செய்து அடியில் சீன முத்திரை போலவே ஒரு கிறுக்கலைப் பதித்திருக்கிறார்கள். ஆகவே முத்திரையை மட்டும் நம்பி ஊர் சொல்லக்கூடாது. என் கட்சி, முத்திரையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கம். மூடியைக் கழற்றி, டார்ச் விளக்கை உள்ளே அடித்து விரலால் தடவுங்கள். யீஷிங் குயவர் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைக் கட்டையால் அடித்துத் தகடாக்கி, பட்டையாக நறுக்கி, உருளையாகச் சுற்றி ஒட்டுவார். பிறகு மரத் தட்டியால் தட்டித் தட்டி வயிறு வளைப்பார். அடியும் மேலும் தனி வட்டத் தகடுகள். எனவே உள்ளே செங்குத்தாக ஒட்டுத் தடம் ஒன்று, பெரும்பாலும் கைப்பிடிக்கு நேராகத் தெரியும். சுருள் வளையங்கள் இருக்காது. சக்கரத்தில் வனைந்ததானால் விரல் ஓடிய வளையங்கள் அடியிலிருந்து கழுத்துவரை கையில் படும். நம் ஊர்ப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தியோச்சியூக்காரர்களின் பழக்கம் சக்கரம்தான். மண் குழம்பை அச்சில் ஊற்றி எடுத்ததென்றால் சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கும். வெளியே அச்சு இரண்டாகப் பிரிந்த கோடு தென்படும். கைப்பிடி உள்ளே கூடாகவும் இருக்கலாம்.

அடுத்து மூக்கின் வேர். பழைய கெண்டிகளில் அங்கே ஒற்றைத் துளையோ சில சிறு துளைகளோ இருக்கும். அரைப்பந்து போல உப்பிய சல்லடை இருந்தால் சந்தேகப்படுங்கள். யீஷிங்கில் அது 1970களில் ஜப்பானிய ஆர்டர்களுக்காகப் புகுந்த வழக்கம். கைப்பிடி மூக்குக்கு எதிரே இல்லாமல், பக்கவாட்டில் வாணலிக் காம்பு போல நீட்டிக்கொண்டிருந்தால் ஜப்பான் பாணி. ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் பதித்திருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டு முதல் அமெரிக்கா இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. 'நிப்பான்' என்றிருந்தால் 1921க்கு முன். பிறகு அதை 'ஜப்பான்' என்று மாற்றச் சொல்லிவிட்டார்கள். பெயர் இல்லாததால் பழையது என்று ஆகிவிடாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்த விதி எதற்கு?

இனி அந்தப் பெண்ணின் கெண்டி. ஒன்றரை லிட்டர் பிடிக்கும். பழுப்பு நிறக் கண்ணாடிப் பூச்சு. தோளில் இரண்டு காது, அதில் பிரம்புக் கைப்பிடி. யீஷிங் கெண்டி பொதுவாகப் பூச்சில்லாமல், கைக்கு அடக்கமாக இருக்கும்; ஆகவே அந்த எண்ணத்தை உடனே விட்டோம். உள்ளே சுருள் வளையங்கள் நன்றாகக் கையில் பட்டன. தோளின் ஒரு பக்கத்தில் மட்டும் சர்க்கரை தூவியது போல் சொரசொரப்பு. சூளையில் தீ வந்த திசையைப் பார்த்து நின்ற பக்கம் அது; விறகுச் சாம்பல் உருகி ஒட்டியிருக்கிறது. முத்திரையைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்தெடுத்து, இங்கே டெரிட்டி பஜாரில் காலைச் சிற்றுண்டி விற்கும் சீனப் பெரியவரிடம் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். குயவர் பெயரும் இல்லை, அரசர் பெயரும் இல்லை. 'நற்பேறு' என்ற மங்கலச் சொல், அவ்வளவுதான். நம் கடைக் கணக்கில் 'லாபம்' என்று எழுதுவது போல.

வழி காட்டியது வேறொரு சாமான். அதே பெட்டியில் ஒரு மங்கு இருந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மங்கு தெரியும். மரத்தில் கட்டி ரப்பர் பால் பிடிக்கும் மண் கிண்ணம். காலையில் அதைத் துடைத்து வைப்பது பல வீடுகளில் குழந்தைகள் வேலை. அப்பத்தா எதற்காக அதைக் கடல்தாண்டிக் கொண்டுவந்தாரோ, இப்போது கேட்க ஆளில்லை. இரண்டையும் கவிழ்த்து வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பூச்சுப் படாத அடிப்பகுதியில் இரண்டிலும் ஒரே சாம்பல் கலந்த மண், அதில் ஒரே மாதிரிக் கரும்புள்ளிகள். இரண்டிலும் பூச்சு அடிக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. லென்ஸில் பார்த்தால் பூச்சின் மெல்லிய வெடிப்பும் ஒன்றே. ஒரே சூளை, அல்லது ஒரே மண் எடுத்த பக்கத்துச் சூளை என்றே நினைக்கிறேன்.

மங்கு ரப்பர்த் தோட்டத்துக்காகவே செய்த பொருள். மலாயாவின் சீனச் சூளைகளுக்கு அது அன்றாடச் சோறு, லட்சக்கணக்கில் சுட்டார்கள். ஆகவே கெண்டியும் அங்கே குடியேறிய சீனக் குயவர் கையில் பிறந்தது என்று கொள்வதே பொருத்தம். மலாயாவில் ரப்பர் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முந்நூறு வருஷம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. அப்பத்தா கல்யாணமாகி ஜோகூர் தோட்டத்துக்குப் போனது 1938 இல், திரும்பியது 1956 இல். கெண்டியின் அடிவிளிம்பு தேயாமல் கூர்மையாக இருந்தது. பலர் கை மாறி வந்த சாமானாகத் தெரியவில்லை. புதிதாக வாங்கியதென்றால் நூறு ஆண்டு ஆகவில்லை.

இது என் கணிப்பு. என் கணிப்பைச் சுங்க அதிகாரி ஏற்க வேண்டியதில்லை. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், முடிவு சொல்லும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறைக்குத்தான். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை அத்துறையின் வட்டார அலுவலகங்கள் வழியாகப் பெறலாம். கொல்கத்தாவிலும் அப்படி ஓர் அலுவலகம் உண்டு. பொருளை நேரில் காட்ட வேண்டும். எல்லாப் பக்கமும் எடுத்த புகைப்படம், எப்போது எங்கே வாங்கியது என்ற குறிப்பு, பழைய பாஸ்போர்ட்டோ கப்பல் டிக்கெட்டோ இருந்தால் அதன் நகல், எல்லாம் கூடவே இருக்கட்டும். அந்தப் பெண் மங்கையும் எடுத்துக்கொண்டு போனாள். சான்றிதழ் வந்தது. மங்கு மட்டும் அப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

உங்கள் வீட்டுக் கெண்டியை இறக்கிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: புளி, சபீனா போட்டுத் தேய்க்காதீர்கள், வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும். பூச்சில்லாத யீஷிங் வகையானால் சோப்பே கூடாது, மண் அந்த வாசனையைக் குடித்துவிடும். பளிச்சென்ற பச்சை, மஞ்சள் பூச்சுள்ள பழைய பாத்திரங்களில் ஈயம் இருக்க இடமுண்டு. அவற்றை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், தேநீர் போட வேண்டாம்.