இயக்குநர் வந்திருக்கும் அரங்கில்

நாட்றாம்பாளையம்

அன்புள்ள கண்ணு,

சென்சாரில் மாட்டி வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்த படம் ஒன்றைப் பெங்களூரில் போடுகிறார்கள், இயக்குநரே வந்து பேசுகிறார், போகட்டுமா மாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போ. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். கூட வேலை செய்பவர்கள் யாரிடமாவது சொல்லி ஷிப்டை மாற்றிக்கொள். நீ பார்க்கப்போகும் படம் எதுவாக இருந்தாலும், அதை எப்படிப் பார்க்கப்போகிறாய் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. அதனால் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தடை செய்யப்பட்ட படம் என்று எங்கே எழுதியிருந்தாலும் உடனே மயங்கிவிடாதே. யார் தடுத்தார்கள், எந்தக் கட்டத்தில் தடுத்தார்கள், பிறகு என்ன ஆனது என்று விசாரி. 1952-ஆம் வருடத்து சினிமாட்டோகிராப் சட்டப்படி, பொது இடத்தில் காட்டும் எந்தப் படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். கதைப்படம், ஆவணப்படம் என்ற பேதமில்லை. வாரியம் சான்றிதழ் தர மறுக்கலாம். இதை வெட்டு, அதை மழுப்பு என்று கேட்கலாம். சான்றிதழ் வாங்கிய பிறகும் மாநில அரசு நிறுத்தலாம், டிவி ஒளிபரப்ப மறுக்கலாம், தெருவில் கூட்டம் சேர்ந்து தியேட்டரை மிரட்டலாம். எல்லாவற்றையும் தடை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் யாரிடம் கணக்குக் கேட்பது என்றே தெரியாமல் போய்விடும்.

எல்லையோரத்தில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசி வளர்ந்தவள் நீ. உனக்கு ஒரு கன்னடப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். ‘சம்ஸ்காரா’. யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவல், திரைக்கதை எழுதி நடுநாயகமான ஆசாரியராக நடித்தவர் கிரீஷ் கர்னாட். இயக்கிய பட்டாபிராம ரெட்டி நெல்லூரைச் சேர்ந்த தெலுங்குக் கவிஞர். ஒளிப்பதிவு செய்தவர் டாம் கோவன் என்ற ஆஸ்திரேலியர். அக்ரஹாரத்தில் ஆசாரத்தையெல்லாம் மீறி வாழ்ந்த நாரணப்பன் பிளேக் நோயில் இறந்துபோகிறான். பிணம் வீட்டிலேயே கிடக்கிறது. யார் கொள்ளி வைப்பது என்று சாஸ்திரம் புரட்டுகிறார்கள். அதுவரை யாரும் சாப்பிடவும் முடியாது. கடைசியில் அவனோடு வாழ்ந்த சந்திரி, ஒரு முஸ்லிமின் துணையோடு ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் எரித்துவிட்டு வருகிறாள். சென்னையில் இருந்த தணிக்கை வாரியம் இந்தப் படத்துக்கு அனுமதி மறுத்தது. மத்திய அரசு தலையிட்ட பிறகே 1970-இல் படம் வெளியானது. அந்த வருடத்தின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்கே கிடைத்தது. மக்கள் கண்ணில் படக்கூடாது என்று ஒரு அலுவலகம் சொன்னதை நாட்டின் சிறந்த படம் என்று இன்னொரு குழு சொன்னது. படச்சுருள் ஒன்றுதான்.

சந்திரியாக நடித்த சினேகலதா ரெட்டி, இயக்குநரின் மனைவி. நெருக்கடி நிலையில் அவரைப் பெங்களூர் மத்திய சிறையில் அடைத்தார்கள். ஆஸ்துமாவில் உடல் குலைந்து, பரோலில் வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்தார். நீ இறங்கப்போகும் ஊரின் சினிமா வரலாற்றில் இதுவும் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்.

தணிக்கையின் அடியில் உன்னைப் பற்றிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. இதைப் பார்த்தால் நீ கெட்டுப்போவாய், கொதித்துப்போவாய், கல்லெடுப்பாய் என்று நீ பார்ப்பதற்கு முன்பே யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சிறிய அரங்கில் நீ உட்கார்ந்து, முழுப் படத்தையும் பார்த்து, எடுத்தவரிடம் நிதானமாக ஒரு கேள்வி கேட்டால், அந்தத் தீர்ப்பு பிழை என்று காட்டிவிடுகிறாய். இந்த மாதிரித் திரையிடல்களை நான் இவ்வளவு மதிப்பது இதற்காகத்தான்.

இதில் கடினமான ஒரு பகுதி உண்டு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்று ஒரு தமிழ்ப் படம். கதை வாலி, இயக்கம் ஜோதிபாண்டியன். பிராமணப் பெண் ஒருத்தி பொய்ச் சாதிச் சான்றிதழ் பெற்று ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆகிறாள். சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைப் படம் எதிர்க்கிறது. அதன் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ரங்கராஜன் வழக்கில், அதைத் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்று யாரோ மிரட்டுவதற்காகப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை, முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் படம் சொல்வதை நான் ஏற்கவில்லை. இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் நம் மலையிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எனக்குப் பிடித்த படங்களை அதற்குப் பிறகு எத்தனையோ வக்கீல்கள் அதே தீர்ப்பைக் காட்டித்தான் காப்பாற்றினார்கள். உனக்குப் பிடிக்காத படத்துக்கும் சேர்த்துக் கேட்டால்தான் அது உரிமை.

தெருத் தணிக்கை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2008-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தகராறானபோது பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன. சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அங்கே ரஜினிகாந்த் பேசிய பேச்சுக்கு, ‘குசேலன்’ கர்நாடகத்தில் வெளியாவதற்காக, அவரே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. பத்து வருடம் கழித்துக் காவிரித் தகராறில் ‘காலா’வுக்கும் அதே தொல்லை, திரையரங்குகளுக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கும் அந்தப் படங்களில் இருந்த ஒரு காட்சிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆற்றின் இந்தக் கரையில் இருப்பவர்கள் அதை மறக்கக் கூடாது. மறுபக்கத்துப் படத்தை நம் ஊரில் யாராவது மறிக்கக் கிளம்பினால் முதலில் தடுக்க வேண்டியவர்களும் நாம்தான்.

சட்டத்தில் நடந்த ஒரு மாற்றத்தையும் தெரிந்துகொண்டு போ. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ தனுஷ்கோடி மீனவர்களையும் இலங்கை அகதிகளையும் பற்றிய படம். வாரியம் சான்றிதழ் மறுத்தது. அவர் டெல்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2011-இல் வெட்டு இல்லாமல் அனுமதி வாங்கினார். 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயத்தையே ஒழித்துவிட்டார்கள். இன்று மறுக்கப்பட்டவர் உயர் நீதிமன்றம் போக வேண்டும். பெரிய தயாரிப்பாளருக்கு அது ஒரு வக்கீல் செலவு. கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்கு அத்தோடு படம் முடிந்தது.

இனி அரங்குக்குள் வருவோம். சான்றிதழோடு போடுகிறார்கள் என்றால் தொடக்கத்தில் அது திரையில் வரும்போது பேசிக்கொண்டிருக்காதே. பழைய சான்றிதழ்களில் கீழ்மூலையில் ஒரு முக்கோணம் இருந்தால் படத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். என்னென்ன வெட்டினார்கள் என்ற பட்டியல் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் இருக்கும். நீ பார்ப்பது வெட்டிய பிரதியா, முழுப் பிரதியா என்று நடத்துபவர்களிடம் கேள். போனை அணைத்துப் பைக்குள் போடு. ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யாதே. இப்படிப்பட்ட படங்களில் முகம் காட்டியவர்கள் உன்னை நம்பவில்லை, இயக்குநரை நம்பினார்கள். உன் போனிலிருந்து போகும் ஒரு துண்டு அவர்கள் ஊரில், வேலையிடத்தில் என்ன செய்யும் என்பது உனக்குத் தெரியாது.

படம் ஓடும்போது, எந்தக் காட்சிக்காகத் தடுத்திருப்பார்கள் என்று தேடாதே. அப்படித் தேடினால் சென்சார் அதிகாரியின் கண்ணோடு நீயும் பார்க்கிறாய் என்று ஆகிவிடும். மற்றப் படங்களைப் பார்ப்பதுபோல் பார். எங்கே மனம் ஒன்றியது, எங்கே சலித்தது, எந்த இடத்தில் இயக்குநர் உன்னை ஏமாற்றப் பார்த்தார் என்று கவனி. தடைபட்ட படங்களில் மோசமானவையும் இருக்கின்றன. அடிபட்டது என்பதற்காக ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. அதை அந்த அரங்கிலேயே சொல்லும் உரிமை உனக்கு உண்டு.

இயக்குநர் பேச வரும்போது அவரைத் தியாகி ஆக்கிவிடாதே. திவ்யபாரதியை நினைத்துக்கொள்கிறேன். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை 2017-இல் முடித்தார். தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, கையால் மலம் அள்ளுகிறவர்களையும், சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களையும் எடுத்த படம். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டம் தடை செய்த வேலை இன்னும் நடக்கிறது என்று படம் காட்டியது. பல ஊர்களில் போலீஸ் திரையிட விடவில்லை. படத்தை யூடியூபில் போட்டார். மிரட்டல்கள் வந்தன. அந்த வருடம் ஜூலையில், 2009-ஆம் வருடத்துப் பழைய வழக்கு ஒன்றைக் காட்டி மதுரையில் கைது செய்தார்கள். இதைக் கேட்டதும் அவர் பட்ட பாட்டைத்தான் எல்லோரும் பேசுகிறோம். நானும் இப்போது அதைத்தான் எழுதினேன். ஆனால் அந்தப் படத்தை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது தன் ஊரைப் பற்றி: நீ தங்கியிருக்கும் விடுதியின் செப்டிக் டாங்கை யார் எடுக்கிறார்கள்? உன் கம்பெனியின் கழிவறைக்குப் பின்னால் இருக்கும் குழியில் யார் இறங்குகிறார்கள்? அவர்கள் கம்பெனி ஆளா, காண்ட்ராக்ட் ஆளா? தடையைப் பற்றிய பேச்சு இந்தக் கேள்வியை மூடிவிடும். தடுத்தவர்கள் வேண்டியதும் அதுதான்.

ஆகவே உன் முறை வரும்போது, சென்சாரில் என்ன நடந்தது என்று கேட்காதே. அதை அவர் ஒவ்வொரு ஊரிலும் சொல்லியிருப்பார். நீங்களே வேண்டாம் என்று விட்ட காட்சி எது, ஏன் விட்டீர்கள் என்று கேள். படத்தில் வந்தவர்கள் முழுப் படத்தையும் பார்த்தார்களா, பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். ஒரே கேள்வியாகக் கேள். அதற்கு முன்னால் உன் அபிப்பிராயத்தைப் பத்து நிமிடம் பேசாதே. இங்கிலீஷில் கேட்க வேண்டும் என்று கூச்சப்படாதே. உனக்குக் கன்னடம் வரும், தமிழ் வரும், யாராவது மொழிபெயர்ப்பார்கள். அவர் பதில் மழுப்பலாக இருந்தால், பதில் கிடைக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உட்கார். செல்பி எடுக்க முந்தாதே.

தியேட்டர் இல்லாமலும் படம் காட்டலாம் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். ஜான் ஆபிரகாம் என்ற மலையாளி தமிழில் ஒரே ஒரு படம் எடுத்தார்: ‘அக்ரஹாரத்தில் கழுதை’, 1977. வெங்கட் சாமிநாதன் எழுத்து. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கிய பிறகும் தியேட்டர்கள் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் தூர்தர்ஷனும் ஒளிபரப்பாமல் கைவிட்டது. அந்த ஜான்தான் பிறகு கேரளத்தில் ஒடேசா என்ற குழுவோடு சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து ‘அம்ம அறியான்’ எடுத்தார். 1986-இல் முடிந்ததும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படத்தைக் காட்டினார்கள். தியேட்டரும் வேண்டியிருக்கவில்லை, விநியோகஸ்தரும் வேண்டியிருக்கவில்லை. மறு வருடமே, 1987 மே மாதக் கடைசியில், ஜான் இறந்துபோனார். நம் மொழியின் இவ்வளவு முக்கியமான படமான ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைத் தமிழர்கள் நகல் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது நமக்குப் பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் தியேட்டர் இல்லை. படம் பார்க்க அஞ்செட்டி தாண்டித் தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று போகிறோம். ஆனால் ஒரு வெள்ளைத் துணியும் ஒரு புரொஜெக்டரும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் நம் ஊரிலும் போடலாம். அன்றைக்குப் பேச்சு முடிந்ததும் நடத்தியவர்களைப் பார்த்து, எங்கள் மலைக்கிராமத்துக்கு வருவீர்களா, என்ன செலவாகும், என்ன அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வா. செலவுக்கு ஊரில் கேட்டுப் பார்க்கிறேன். வந்தால் சாப்பாடும் தங்க இடமும் நம் வீட்டில்.

அத்திப்பள்ளி வழியாகத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே கேட்டு வை. கூட ஒரு தோழியை அழைத்துக்கொண்டு போ. திரும்பி வந்ததும் நீ என்ன கேட்டாய், அவர் என்ன சொன்னார், படத்தில் உனக்குப் பிடிக்காதது எது என்று எழுது.

அன்புடன்,
மாமா