பனிமேல் குட்டை நிறைந்தால் யாருக்கு நட்டம்?

குட்டை நிறைஞ்சா நமக்கு மனசும் நிறையும். ஆனா வட துருவத்துல, ஆர்க்டிக் கடல் பனிமேல குட்டை நிறைஞ்சா அது நட்டக் கணக்கு. எப்படின்னு பார்ப்போம்.

குளிர்காலத்தில் ஆர்க்டிக் கடலின் மேல்மட்டம் உறைந்து, ஓரிரு மீட்டர் கனத்தில் பனிக்கட்டியாக மிதக்கிறது. அதன்மேல் வெண்பனி படிகிறது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. வெண்பனி உருகி, பள்ளமான இடங்களில் தேங்குகிறது. இவையே உருகுநீர்க் குட்டைகள்.

வங்கியில் இருந்தவன், கணக்காவே சொல்றேன். விழும் வெயில் 100 ரூபாய் என்று வையுங்கள். எது எவ்வளவு திருப்பித் தருகிறது?

வெண்பனி: 80 முதல் 90
வெறும் பனிக்கட்டி: 50 முதல் 70
குட்டை: சுமார் 20 முதல் 40
திறந்த கடல்: சுமார் 7

வெண்பனியாக இருந்தபோது 15 ரூபாய் எடுத்துக்கொண்ட அதே இடம், குட்டையானதும் 70 ரூபாயை விழுங்குகிறது. அந்தச் சூடு குட்டையின் அடியையும் கரையையும் உருக்குகிறது. குட்டை ஆழமாகி, நிறம் கறுத்து, இன்னும் வெயிலை வாங்குகிறது. வட்டிக்கு வட்டி ஏறுற கடன் மாதிரிதான். சில குட்டைகள் அடிவரை உருகி, கடலோடு சேர்ந்துவிடும்.

நில அமைப்பும் முக்கியம். பல வருடப் பனி மேடும் பள்ளமுமாக இருக்கும். தண்ணீர் குழிகளில் அடங்கிவிடும். ஒரே வருடத்துப் பனி, பரம்படித்த வயல்போல் சமமானது. கொஞ்சத் தண்ணீரும் அகலப் பரவி, பரப்பில் பாதிக்கு மேல்கூட மூடிவிடும். இப்போது பழைய பனி குறைந்து, இளம்பனியே அதிகமாகி வருகிறது. கவலையே அதுதான்.

ஆனால் வடிகாலும் உண்டு. பனி சூடேறும்போது அதிலுள்ள உப்புநீர்த் துளைகள் திறந்து, குட்டைநீர் கடலுக்கு வடியும். பனிப்பரப்பு சில நாட்கள் மறுபடி வெளுக்கும். இந்த மாற்றங்களை அளக்க, 1997 அக்டோபர் முதல் ஒரு வருடம், ஒரு கனடியக் கப்பலைப் பனியோடு உறையவிட்டு 'ஷீபா' என்ற ஆய்வை நடத்தினார்கள். 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அதே கோட்டில் திரும்பத் திரும்ப அளந்தார்கள்.

"கடல் பனி உருகினா கடல்மட்டம் ஏறுமா சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். தம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் தண்ணீர் வழியாதே! அதனால் பெரிதாக ஏறாது. மட்டத்தை ஏற்றுவது கிரீன்லாந்து போன்ற நிலத்தின்மேல் உள்ள பனி. கடல் பனி போனால் நாம் இழப்பது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரையை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு தட்டில் சம அளவு ஐஸ் வைத்து, ஒன்றை வெள்ளைத் துணியாலும் மற்றதைக் கறுப்புத் துணியாலும் மூடி வெயிலில் வையுங்க. எது முதலில் கரையுதுன்னு பேரப்பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.